அடி வாங்கிய பிள்ளைமீதே நடவடிக்கை: திருநர் மாணவருக்குப் பள்ளியில் துணை நிற்பது எப்படி

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு தன் அடையாளம் பொருந்தாத திருநர் பிள்ளைமீது (திருநங்கை, திருநம்பி போன்றோர்) ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிய கேலி, பத்தாம் வகுப்பில் கழிவறைக் கதவை உதைப்பதாக வளர்ந்திருக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பிள்ளை ஒருநாள் திருப்பி அடிக்கும். அல்லது ஆசிரியர் முன்னாலேயே கெட்ட வார்த்தை சொல்லிவிடும். அல்லது பள்ளிக்கே போகாமல் பேருந்து நிலையத்தில் பொழுதைக் கழிக்கும். பள்ளியின் பதிவேட்டில் ஏறுவது அந்த ஒருநாள் மட்டுமே. அதற்கு முந்தைய பல மாதங்கள் எந்தத் தாளிலும் இருக்காது. விசாரணை என்று உட்காரும்போது மேசைமேல் ஒரு பக்கக் கதைதான் கிடக்கும்.

எனவே வேலை ஒன்றே ஒன்று: பிள்ளைமீதான குற்றச்சாட்டும் பிள்ளைக்கு நடந்த துன்புறுத்தலும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். "அது வேறு, இது வேறு, முதலில் இதை முடிப்போம்" என்று பள்ளி சொல்லும். அதற்கு ஒப்புக்கொண்டால் பிள்ளைக்குத் தண்டனை கிடைக்கும், துன்புறுத்தலுக்கு "பார்க்கிறோம்" என்ற பதில் கிடைக்கும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த ஒரே கோப்பை உருவாக்கத்தான். தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனதில் வைத்து, பெற்றோர், அக்கா, சித்தி, மாமா, அக்கறையுள்ள ஆசிரியர் என யார் துணை நின்றாலும் பயன்படுத்தும்படி எழுதியிருக்கிறோம்.

அன்று மாலை: முதலில் பிள்ளை

பள்ளியிலிருந்து அழைப்பு வந்த அன்று வீட்டில் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: "நீ ஏன் அப்படி நடந்துக்கிற?" பிள்ளை அதன்பிறகு எதையும் சொல்லாது. "யார் என்ன செஞ்சாங்க, எப்போலேருந்து நடக்குது, வேற யாருக்குத் தெரியும்?" என்று கேளுங்கள். சாப்பிட்ட பிறகு, பிள்ளை நம்பும் ஒரே ஒருவர் மட்டும் கேட்டால் போதும். குடும்பமே சுற்றி உட்கார்ந்தால் அது இன்னொரு விசாரணை ஆகிவிடும்.

எந்தப் பெயரில், எப்படி அழைக்க வேண்டும் என்று பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்குச் சொல்லலாம், யாருக்கு வேண்டாம் என்பதையும் கேளுங்கள். தாத்தா பாட்டிக்கோ ஊரில் உள்ள பெரியப்பாவுக்கோ இந்த வாரமே தெரிய வேண்டிய அவசியமில்லை. துணை நிற்பவர் ஆசிரியராக இருந்தால் இது இன்னும் முக்கியம். "உங்க பையன் பொம்பள மாதிரி நடந்துக்கிறான்" என்று பெற்றோரிடம் போட்டு உடைத்தால் அன்றிரவு வீட்டில் அடி விழலாம், பிள்ளை வீட்டைவிட்டே போகலாம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பேச ஒரு வழி திறக்கும். ஆம் என்றால் அன்றிரவு தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. வீட்டைவிட்டுப் போகும் எண்ணமும் சில பிள்ளைகளுக்கு இருக்கும். "போகணும்னு தோணினா முதல்ல இந்த நம்பருக்குப் பேசு" என்று ஒரு நம்பகமான பெரியவரின் எண்ணை மனப்பாடம் செய்ய வையுங்கள்.

மனநல ஆலோசனை தேவையென்றால், பிள்ளை படும் வேதனைக்காகப் போங்கள். "மாற்றிவிடலாம்" என்று சொல்லும் மருத்துவரிடமும் மந்திரவாதியிடமும் போகாதீர்கள். பாலின அடையாளத்தை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனமாகக் கருத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதிவிட்டது.

நிகழ்வுப் பட்டியல்

ஒரு நீளமான நோட்டில் ஐந்து கட்டங்கள் போடுங்கள்: தேதி அல்லது ஏறக்குறைய எந்த வாரம், இடம், செய்தவர், சொன்னது அல்லது செய்தது, பார்த்தவர். ஆறாவதாக ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்: எந்த ஆசிரியரிடம் எப்போது சொல்லப்பட்டது, அவர் என்ன பதில் சொன்னார். விசாரணையில் அதிகம் பேசப்போவது இந்த ஆறாவது கட்டம்தான். பள்ளிக்குத் தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை என்பதை வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

தேதி நினைவில்லை என்றால் காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், விளையாட்டு விழா அன்று, தீபாவளி விடுமுறை முடிந்து திறந்த நாள் என்று குறித்தால் போதும். கற்பனையாக ஒரு தேதி போட்டு அது ஞாயிற்றுக்கிழமையாக அமைந்துவிட்டால் முழுப் பட்டியலும் பொய் என்று ஆகிவிடும்.

சொற்களைப் பூசி மெழுகாமல் எழுதுங்கள். "கேலி செய்தார்கள்" என்று எழுதினால் படிப்பவர் மனதில் விளையாட்டுச் சண்டைதான் வரும். "ஒம்போது", "அலி", "பொட்டை" என்று கூப்பிட்டதை அப்படியே எழுதுங்கள். "கழிவறையில் தொந்தரவு" என்பதைவிட "மூன்று பேர் கதவை வெளியே தாழிட்டுவிட்டு மணி அடித்த பிறகே திறந்தார்கள்" என்பதே விசாரிக்கத்தக்க வாக்கியம்.

ஆடையை இழுத்தது, அந்தரங்க உறுப்பைத் தொட்டது, காட்டச் சொன்னது, அப்படிப் படம் எடுத்தது ஆகியவை பட்டியலில் இருந்தால் விஷயம் குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்துக்குள் போகிறது. 2012-இன் அந்தச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எந்தப் பாலினப் பிள்ளைக்கும் பொருந்தும். தெரிந்தவர் எவரும், தலைமையாசிரியர் உட்பட, காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். செய்தவர்களும் சிறுவர்களாக இருந்தால் அவர்கள் போவது, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு. புகார் எழுதும் முன் இதையெல்லாம் பிள்ளையிடம் பொறுமையாக விளக்குங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் காவல் நிலையத்தில் போய் நிற்பது தனிக் கொடுமை.

சான்றுகள்

காயம் இருந்தால், சிறு கீறலானாலும், அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்லி, காயங்களைப் பதியும் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் பதியச் சொல்லுங்கள். அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு நகல் கேளுங்கள். "கீழே விழுந்தான்" என்று கூச்சத்தில் சொல்லிவிட்டால் அதுவே பதிவாகிவிடும், பிறகு மாற்றுவது கடினம். கிழிந்த சட்டையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள்.

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் செய்திகளுக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அனுப்பியவரின் எண்ணோ கணக்குப் பெயரோ, தேதி நேரத்தோடு தெரிய வேண்டும். வாட்ஸ்அப் குழுவாக இருந்தால் முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். பிறகு வழக்கானால் மூலக் கைபேசியையே கேட்பார்கள். அதை விற்கவும் ரீசெட் செய்யவும் வேண்டாம். பிள்ளை கோபத்தில் அனுப்பிய பதில்களையும் அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால் மீதி எல்லாமே சந்தேகத்துக்குள்ளாகும்.

அவசரமானது கண்காணிப்புக் கேமரா பதிவு. சில வாரங்களில், சில இடங்களில் சில நாள்களிலேயே, பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். சி.பி.எஸ்.இ. 2025 ஜூலையில் தன் பள்ளிகளுக்கு விதித்த குறைந்தபட்சச் சேமிப்பே 15 நாள்தான். அதனால் முதல் கடிதத்திலேயே தேதி, நேரம், இடம் குறிப்பிட்டு "இந்தப் பதிவை அழியாமல் பாதுகாக்கவும்" என்று எழுதிவிடுங்கள். நகலைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

பள்ளிக்கு முதல் கடிதம்

"ரெண்டு நாள் வீட்ல வெச்சுக்கோங்க" என்று தொலைபேசியில் சொல்வது வழக்கம். அதற்கு எழுத்து வடிவம் கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே எழுத்தாக்கிவிடுங்கள். மாதிரி இதோ:

பொருள்: 10ஆம் வகுப்பு 'பி' பிரிவு மாணவர்மீதான ஒழுங்கு நடவடிக்கை – அதற்கு முன் நடந்த தொடர் துன்புறுத்தலையும் சேர்த்து விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு,

நேற்று மதிய இடைவேளையில் நடந்த சம்பவத்துக்காக என் பிள்ளையை இரண்டு நாள் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று இன்று காலை 10.20 மணிக்குத் தொலைபேசியில் தெரிவித்தீர்கள். அதற்கான எழுத்துப்பூர்வ உத்தரவையும், எந்த விதியின்கீழ் நடவடிக்கை என்பதையும், விதியின் நகலையும் தர வேண்டுகிறேன். ஜூலை மாதம் முதல் என் பிள்ளைக்குப் பாலினத்தைக் காரணமாக வைத்து நடந்த துன்புறுத்தல்களின் பட்டியலை இணைத்துள்ளேன். இவற்றில் மூன்று ஏற்கெனவே வகுப்பாசிரியரிடம் சொல்லப்பட்டவை. நேற்றைய சம்பவத்தையும் இவற்றையும் ஒரே விசாரணையாக நடத்தவும், விசாரணை முடியும்வரை எந்தத் தண்டனையும் விதிக்காமல் இருக்கவும், இந்த நாள்கள் வருகைப்பதிவையும் தேர்வையும் பாதிக்காமல் பார்த்துக்கொள்ளவும் கேட்டுக்கொள்கிறேன். நேற்று மதியம் 12.30 முதல் 1.30 வரை இரண்டாம் தளத் தாழ்வாரக் கேமரா பதிவைப் பாதுகாக்கவும் வேண்டுகிறேன்.

இவ்வளவு போதும். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஆசிரியரின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "திருநங்கை", "திருநம்பி", "திருநர்" என்ற சொல்லைப் பிள்ளை சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். "பாலினத்தைக் காரணமாக வைத்து" என்பதே விசாரணையைக் கோரப் போதுமானது. கடிதம் பள்ளி அலுவலகத்தில் பலர் கைக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

நேரில் கொடுத்து, உங்கள் நகலில் பள்ளி முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். "வெச்சிட்டுப் போங்க" என்றால் வாதாடாமல் வெளியே வந்து, அன்றே ஒப்புகைச் சான்றோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, பள்ளி மின்னஞ்சலுக்கும் போடுங்கள்.

எதன் பலத்தில் கேட்கிறீர்கள்

சட்டப் பிரிவுகளைக் கடிதம் முழுக்க அடுக்கினால் பள்ளி முறுக்கிக்கொள்ளும். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை, அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்காமல், உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று, திருநர் உரிமைகள் பற்றிய நால்சா வழக்கில் ஏற்றது. 2019-இன் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் கல்வி நிறுவனங்களில் பாகுபாட்டுக்குத் தடை இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 2020-இல் வந்த விதிகள்படி அவர் 15 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். அறிக்கை வந்த 15 நாளுக்குள் நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். கல்வி நிறுவனங்களில் திருநர் மாணவர்கள் அணுகக்கூடிய ஒரு குழு இருக்க வேண்டும், துன்புறுத்துபவர் ஆசிரியராகவே இருந்தாலும் அவர் முகத்தில் விழிக்க வேண்டிய நிலை மாணவருக்கு வராமல் அந்தக் குழு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. "உங்கள் பள்ளியின் புகார் அலுவலர் யார்?" என்ற ஒற்றைக் கேள்வியை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பல பள்ளிகளில் பதில் இருக்காது. அந்த மௌனமே உங்களுக்கு உதவும். சட்டமும் விதிகளும் திருத்தப்படக்கூடியவை. பிரிவு எண் எழுதும் முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரிடம் நடப்பு வாசகத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 15100-க்கு அழைக்கலாம்; குழந்தைகளுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் பிறப்பித்த உத்தரவு பள்ளிகளையும் தொட்டுப் பேசுகிறது. பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோரிடம் விழிப்புணர்வு, பாலினப் பொதுக் கழிவறை, கல்விப் பதிவுகளில் பெயரும் பாலினமும் மாற்ற வழி, புரிதலுள்ள ஆலோசகர் நியமனம் ஆகியவை அதில் உள்ளன. தமிழ்நாட்டுப் பள்ளியிடம் பேசும்போது இதற்குத் தனி எடை உண்டு. மாறாக, திருநர் மாணவர்களுக்காக மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. 2021-இல் வெளியிட்ட ஆசிரியர் கையேட்டை மனுவில் காட்டாதீர்கள். அது எதிர்ப்பு வந்ததும் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது; எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 17ஆவது பிரிவு தடுக்கிறது. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. உங்கள் பள்ளி அந்த வகையா என்று முதலில் பாருங்கள். 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் சிறுபான்மைப் பள்ளிப் பிள்ளைக்கும், பொறுப்பிலுள்ளவரின் கொடுமையைத் தண்டிக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு கைகொடுக்கும்.

பள்ளி "திருநர் அட்டை கொண்டு வாங்க", "டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டு வாங்க" என்றால் ஓட வேண்டாம். துன்புறுத்தலிலிருந்து காப்பாற்ற எந்தச் சான்றிதழும் முன்நிபந்தனை கிடையாது.

விசாரணை நாள்

இருவராகப் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத. எழுதுபவர் நேரத்தையும் பேசியவர் பெயரையும் குறிக்க வேண்டும். பிள்ளையை எட்டு ஆசிரியர்கள் நடுவே தனியே நிற்க வைக்க விடாதீர்கள். "பிள்ளை சொல்ல வேண்டியது எழுத்தில் இருக்கிறது, கேள்வி இருந்தால் நான் அருகில் இருக்கும்போது ஒருவர் கேட்கட்டும்" என்று முன்கூட்டியே தெரிவியுங்கள். அடித்த மாணவர்களையும் அவர்கள் பெற்றோரையும் அதே அறையில் உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொல்வது சில பள்ளிகளின் பழக்கம். சமநிலையில்லாத இருவருக்கிடையே சமரசம் என்பது பலவீனமான பிள்ளையை வாயடைக்கச் செய்வதுதான். மறுத்துவிடுங்கள்.

பேச்சை மூன்று கேள்விகளுக்குள் கட்டிப் போடுங்கள். எந்த விதி மீறப்பட்டது? இணைத்த பட்டியலில் எதை விசாரித்தீர்கள்? இதே சம்பவத்தில் மற்ற மாணவர்கள்மீது என்ன நடவடிக்கை? மூன்றாவது கேள்விதான் பாகுபாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்.

"இந்த மாதிரி இருந்தா கேலி செய்யத்தானே செய்வாங்க" என்று யாராவது சொல்வார்கள். கோபப்படாமல், "நீங்கள் சொன்னதைக் குறிப்பில் எழுதிக்கொள்கிறோம்" என்று சொல்லி எழுதுங்கள். வாதத்தைவிட அது வேலை செய்யும். வீட்டுக்கு வந்ததும் அன்றே மின்னஞ்சலில் "இன்றைய கூட்டத்தில் பேசப்பட்டவை" என்று ஒரு சுருக்கம் அனுப்பிவிடுங்கள்.

மன்னிப்புக் கடிதம்

பல குடும்பங்கள் தோற்கும் இடம் இது. கூட்டம் முடியும் தறுவாயில் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க, விஷயத்தை இதோட முடிச்சிடலாம்" என்பார்கள். களைத்துப்போன அப்பா அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போடுவார். அடுத்த முறை சிறு பிரச்சினை வந்தாலும் அந்தத் தாள்தான் வெளியே வரும்.

பிள்ளை உண்மையிலேயே அடித்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். ஒப்புக்கொள்வது பிள்ளைக்கும் நல்லது, உங்கள் பேச்சுக்கும் நம்பிக்கை தரும். ஆனால் எதற்கு வருத்தம் என்பது துல்லியமாக இருக்க வேண்டும். ஏற்கத்தக்க வாசகம்: "நேற்று மதியம் நான் கையால் அடித்ததற்கு வருந்துகிறேன். அதற்கு முன் எனக்கு நடந்தவற்றை இணைத்த பட்டியலில் தெரிவித்திருக்கிறேன்." ஏற்கவே கூடாத வாசகம்: "என் தவறான நடத்தையை மாற்றிக்கொள்வேன்", "இனிமேல் ஆண்பிள்ளையாக நடந்துகொள்வேன்", "மீண்டும் புகார் வந்தால் டி.சி. பெற்றுக்கொள்ளச் சம்மதம்". முதலாவதில் "நடத்தை" என்ற சொல் எதையும் குறிக்கலாம். மூன்றாவது, முன்கூட்டியே எழுதித் தரும் வெளியேற்றம்.

அங்கேயே எழுத மறுத்து, "வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்து நாளைக் காலையில் தருகிறோம்" என்று சொல்லுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து எந்நிலையிலும் கூடாது.

டி.சி. மிரட்டல்

நேரடியாக நீக்கினால் பள்ளி காரணம் சொல்ல வேண்டி வரும். அதனால் நீங்களே கேட்டது போல ஆக்கப் பார்ப்பார்கள். "பெற்றோர் விருப்பத்தின்பேரில்" என்று விண்ணப்பம் எழுதித் தந்துவிட்டால், பிறகு எந்த அலுவலகத்திலும் "நீங்கள்தானே வாங்கினீர்கள்" என்பார்கள். அழுத்தம் கொடுத்தால், "என் பிள்ளை இந்தப் பள்ளியிலேயே தொடர்ந்து படிக்க விரும்புகிறோம், மாற்றுச் சான்றிதழ் கோரவில்லை" என்று இரண்டு வரி எழுதி முத்திரை வாங்குங்கள்.

10, 12ஆம் வகுப்புகளில் நேரம் மிகக் குறைவு. தேர்வர் பட்டியல் அனுப்பிய பிறகு பள்ளி மாறுவது பெரும் சிக்கல். உங்கள் பிள்ளையின் பெயர் பட்டியலில் சேர்ந்ததா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். தேர்வு நெருங்கும்போது நீக்கினால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுத்த கையோடு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவுக்கு வழக்கறிஞரைப் பாருங்கள், காத்திருக்க வேண்டாம்.

உண்மையிலேயே மாற்றுவதுதான் பிள்ளைக்கு நல்லது என்று பிள்ளையும் சொன்னால் அதில் அவமானம் இல்லை. அப்போது சான்றிதழை வாங்கிய இடத்திலேயே நின்று "நடத்தை" என்ற கட்டத்தைப் படியுங்கள். மோசமாக ஏதாவது எழுதியிருந்தால் வாங்காமல் திருத்தச் சொல்லுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பிள்ளையை விடுவித்துவிட்டார்களா என்றும் பாருங்கள். அது முடியாமல் அடுத்த பள்ளியில் சேர்க்கை இழுத்துக்கொண்டே போகும்.

முடி, சீருடை வழக்குகள்

திருநங்கைப் பிள்ளைகள்மீது வரும் நடவடிக்கைகளில் முடி நீளம், புருவம், நகம் ஆகியவை அடிக்கடி வரும். திருநம்பிப் பிள்ளைகளுக்கு இரட்டைச் சடையும் துப்பட்டாவும். இங்கே உடனே "உரிமை" என்று தொடங்குவதைவிட, சீருடை விதியின் அச்சிட்ட நகலைக் கேட்டு, அதற்குள் இடம் தேடுவது சீக்கிரம் பலன் தரும். கட்டிப் பின்னிய முடி, பேன்ட் சட்டை அல்லது தளர்வான சட்டை, விளையாட்டுச் சீருடையை எல்லா நாளும் அணிய அனுமதி என்று எழுத்தில் கேளுங்கள். ஆசிரியரே கத்தரிக்கோல் எடுத்து முடியை வெட்டினால் அது ஒழுங்கு நடவடிக்கை இல்லை, உடல் தண்டனை. படம் எடுத்து அன்றே புகார் கொடுங்கள்.

பெயரையும் பாலினத்தையும் பதிவேட்டில் மாற்றும் கோரிக்கையை இந்தக் கோப்போடு கலக்க வேண்டாம். அது அரசிதழ், ஆவணங்கள் என்று தனிப் பாதை, நேரம் பிடிக்கும். இப்போதைக்கு வகுப்பில் எந்தப் பெயரால் அழைப்பது என்பதை மட்டும் கேளுங்கள்.

திரும்பிப் போகும் நாளுக்கான ஏற்பாடு

தண்டனை குறைந்தாலும் மறுநாள் அதே கழிவறை, அதே பேருந்து. ஏற்பாடு இல்லாமல் அனுப்பினால் இரண்டே வாரத்தில் அடுத்த சண்டை வரும், இம்முறை "மீண்டும்" என்ற சொல்லோடு.

கழிவறையில் தொடங்குங்கள். இடைவேளைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சிறுநீர்த் தொற்றோடு வீடு திரும்பும் பிள்ளைகள் உண்டு. பணியாளர் கழிவறையின் சாவி, அல்லது மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்பே போய்வர எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வகுப்பு முன்னால் கேட்டுப் பெற வேண்டிய அனுமதி உதவாது. நிரந்தரச் சீட்டாக இருக்கட்டும். விளையாட்டு வகுப்புக்கு வீட்டிலிருந்தே உடை மாற்றிக்கொண்டு வர அனுமதி வாங்குங்கள். இருக்கை ஆசிரியர் பார்வையில் இருக்கட்டும். ஆனால் எல்லோரிடமிருந்தும் பிரித்து மூலையில் போட்டால் அது தண்டனை. துன்புறுத்தியவர்களை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். பிள்ளையையே மாற்றுவதாகச் சொல்வார்கள், ஏனென்றால் அதுதான் பள்ளிக்கு எளிது. பிள்ளையே கேட்டாலொழிய ஒப்புக்கொள்ள வேண்டாம். பள்ளிப் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னிருக்கை, இறங்கும் இடத்தில் ஒரு பெரியவர்.

பள்ளியில் ஒரு ஆசிரியர் போதும். யாரிடம் போனால் திட்டாமல் கேட்பார் என்று பிள்ளையிடமே கேளுங்கள்; அது பெரும்பாலும் ஆலோசகராக இருக்காது, நூலகராகவோ தமிழாசிரியராகவோ இருக்கும். அவர் பெயரை ஏற்பாட்டில் சேர்க்கக் கேளுங்கள். ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் சந்திப்புக்குத் தேதி குறித்துவிட்டே எழுந்திருங்கள்.

பள்ளி அசையாவிட்டால்

மூன்று வேலை நாள் காத்திருங்கள். பிறகு அரசு, உதவிபெறும், தனியார் பள்ளி எதுவானாலும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மனு, சி.பி.எஸ்.இ. பள்ளியாக இருந்தால் வாரியத்தின் மண்டல அலுவலகத்துக்கும் ஒன்று. 14417 என்ற கல்வி உதவி எண்ணில் புகாரைப் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனு பெரும்பாலும் கல்வி அலுவலருக்கே திரும்பி வரும். ஆனாலும் அது ஆட்சியர் வழியாக வந்த கோப்பாக வரும், அந்த வேறுபாடு பெரிது. மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் நகல் அனுப்புங்கள். ஒவ்வொரு மனுவிலும் அதே பட்டியல், அதே வரிசை எண்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் கதை கூடிக்குறைந்தால் எல்லாம் பாழாகும்.

தொலைக்காட்சிக்கும் யூடியூபுக்கும் போகச் சொல்பவர்கள் இருப்பார்கள். அடையாளம் ஒருமுறை வெளியானால் திரும்பப் பெற முடியாது. பிள்ளை 20 வயதில் வேலைக்குப் போகும்போதும் அது தேடலில் வரும். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதற்கு இளைஞர் நீதிச் சட்டமும் போக்சோவும் தடை விதிக்கின்றன. சென்னையில் ஓரினம், சகோதரன் போன்ற அமைப்புகளிடம் பேசினால், பள்ளியோடு பேசிப் பழகியவர்களின் வழிகாட்டல் கிடைக்கும்.

பள்ளி காவல்துறையைக் கூப்பிட்டால்

"எஃப்.ஐ.ஆர். போடுவோம்" என்ற மிரட்டலுக்கு நடுங்க வேண்டாம். 18 வயதுக்குட்பட்டவர் செய்த சாதாரண அடிதடிக்கு முதல் தகவல் அறிக்கை பதியாமல், பொது நாட்குறிப்பில் குறித்துச் சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவதே விதி. ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் இருப்பார். அவரிடம்தான் பேச வேண்டும். பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். உங்கள் பட்டியலின் நகலை அங்கேயும் கொடுங்கள்.

கோப்பை வகுப்பு முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடிதங்கள், ஒப்புகைச் சீட்டுகள், புகார் எண்கள், மருத்துவமனை நகல் எல்லாவற்றையும் தேதி வரிசையில் கட்டி, கைபேசியில் ஒரு படப் பிரதியும் எடுத்து, 12ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் கைக்கு வரும்வரை வைத்திருங்கள்.